முள் ஏறவில்லை

நெமிலிச்சேரி
2 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை சாமுண்டீஸ்வரிக்கு அண்ணன் ஜம்புலிங்கம் எழுதுவது.

இங்கே நானும் வனஜாவும் சுகமாக இருக்கிறோம். மாப்பிள்ளைக்கு டயாலிசிஸ் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. கை வீக்கம் குறைந்ததா, சாப்பாடு இறங்குகிறதா என்று எழுதவும். வனஜா ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு போனில் பேசிவிடுகிறாள். எனக்குப் பாதி வார்த்தை காதில் விழுவதில்லை. விழாத பாதிக்கும் சேர்த்து "ஆமாம், ஆமாம்" என்று சொல்லி வைக்கிறேன் என்று கேலி செய்கிறாள். அதனால் நான் எழுதுவதே நல்லது.

அசோக் போன சனிக்கிழமை வந்து காரை எடுத்துப் போனான். அப்பாவை ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வாரம் இரண்டு முறை கூட்டிப்போவதற்காக ஓசூர் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்? எனக்கு இனிமேல் அந்த வண்டி வேண்டாம். எழுபத்திரண்டு வயதில் சி.டி.எச். சாலையில் ஓட்டத் தைரியம் இல்லை. இருந்த காலத்திலும் குறைவாகத்தான் இருந்தது.

வண்டியைப் பற்றி அசோக்கிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். டயர் காற்று, பிரேக் ஆயில், பேட்டரி எல்லாம் அதில் உண்டு. இன்ஜின் சூடு பற்றி மட்டும் உனக்கும் எழுதுகிறேன். போன மே மாதம் ஆவடி நெரிசலில் டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் இரண்டு முறை மேலே போயிற்று. பட்டாபிராம் மெக்கானிக் லோகேஷ் ஒரு சின்ன வேலை செய்து கொடுத்தான். அதிலிருந்து முள் கால்வாசிக்கு மேல் ஏறியதில்லை. ஆனாலும் தினமும் காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கச் சொல். மலைப் பாதையில் நான் அதை ஓட்டிப் பார்த்ததில்லை.

வனஜா உங்கள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
ஜம்புலிங்கம்

*

ஏற்காடு
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு சாமுண்டி எழுதுவது. நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அவருக்கு வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. உப்பில்லாத சாப்பாட்டைப் பார்த்து, "இத நாய்க்கி வெச்சாக்கூட மோந்து பாத்துட்டுப் பூடும்" என்கிறார். நாற்பது வருஷம் எஸ்டேட் காபித் தோட்டத்தில் வேலை பார்த்தும் அந்த நெமிலிச்சேரிப் பேச்சு மட்டும் போகவில்லை.

திங்களும் வியாழனும் போய் வருகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவு. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பின் சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வார். அசோக் ஒவ்வொரு வளைவையும் முட்டைக் கூடை தூக்கிப் போகிறவன் மாதிரி திருப்புகிறான். இவர் கண்ணை மூடிக்கொண்டே, "இன்னாடா, கல்யாண ஊர்வலமா?" என்பார். வாயால் கேலி செய்தாலும் மகன் ஓட்டுவதில் பெருமைதான். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர்களிடம், "எம் பையன் வேலைய உட்டுட்டு வந்துகீறான்" என்று சொல்லாத நாளில்லை.

உங்கள் முள்ளைப் பற்றி அசோக் ஒன்று சொன்னான். காலைக் குளிரில் வண்டி கிளம்பி அரை மணி நேரமானாலும் முள் அடியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறதாம். பெட்ரோலும் அதிகம் குடிக்கிறதாம். "மாமா மாதிரியே சூடே ஏறாத வண்டிம்மா" என்று சிரிக்கிறான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
சாமுண்டீஸ்வரி

*

நெமிலிச்சேரி
12 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் பார்த்து மகிழ்ச்சி. மாப்பிள்ளை கேலி பேசுகிறார் என்றால் உடம்பு தேறுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் வலி முன்போல்தான். வனஜாவுக்கு இடது கண்ணில் புரை என்று பூந்தமல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார். அவசரமில்லையாம்.

அசோக் சொன்னதைப் பற்றி யோசித்தேன். முள் அடியிலேயே கிடப்பதை நல்லது என்று சொல்ல முடியாது. இன்ஜினும் ஒரு அளவு சூட்டுக்கு வந்தால்தான் ஒழுங்காக ஓடும். அதனால் ஒரு உதவி செய்யச் சொல். மலை ஏறும்போது ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது வளைவுகளில் முள் எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஓரமாக நிறுத்தி ஒரு தாளில் குறித்து வைக்கட்டும். நாலைந்து பயணம் சேர்ந்ததும் எனக்கு அனுப்பட்டும். அதைப் பார்த்தால் எனக்கு ஒரு தெளிவு கிடைக்கும்.

லோகேஷ் செய்த அந்த வேலை பற்றி விவரமாக எழுத வேண்டும் என்று இருந்தேன். பெரிய விஷயம் இல்லை என்றே நினைக்கிறேன். குறிப்புகள் வரட்டும், பிறகு எழுதுகிறேன். சேலத்தில் நல்ல மெக்கானிக் யாராவது இருந்தால் தண்ணீர் ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்வதும் நல்லது.

அன்புடன்,
ஜம்புலிங்கம்

*

ஏற்காடு
11 மே 2025

அண்ணனுக்கு,

இரண்டு மாதம் எழுதாததற்கு மன்னிக்கவும். அண்ணியிடம் போனில், "அவருக்குச் சளி, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்" என்று மட்டும் சொன்னேன். முழுவதும் சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 24, வியாழக்கிழமை. டயாலிசிஸ் முடிந்து மூன்று மணிக்குச் சேலத்திலிருந்து கிளம்பினோம். நீங்கள் சொன்னபடி அசோக் ஐந்து, பத்து, பதினைந்தாவது வளைவுகளில் நிறுத்திக் குறித்துக்கொண்டான். பதினேழாவது வளைவில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது. முன்னால் குபுகுபுவென்று ஆவி. வண்டி நின்றுவிட்டது. அதே சமயம் கோடை மழை பிடித்துக்கொண்டது. வண்டி தீப்பிடித்துவிடும் என்று இவர் கீழே இறங்கிவிட்டார். எவ்வளவு சொல்லியும் மறுபடி உள்ளே உட்கார மாட்டேன் என்றார். பாதையோரத் தடுப்புச் சுவரில் இரண்டரை மணி நேரம் ஒரே குடையின் கீழ் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஒரு எஸ்டேட் ஜீப் ஏற்றிக்கொண்டது. மறுநாளே காய்ச்சல், நெஞ்சில் சளி. பதினொரு நாள் ஆஸ்பத்திரி.

மெக்கானிக் பார்த்துவிட்டு, "தண்ணியே இல்லாம ஓட்டியிருக்காங்க, இன்ஜின் மேல்பாகம் வளைஞ்சி போச்சு" என்றார். இவர் அசோக்கைக் கூப்பிட்டார்.

"காலைல தண்ணி பாத்தியாடா?"

"பாத்தேம்ப்பா. ஊத்துனேன்."

"அப்ப சூடு ஏறுனது தெரியலியா?"

"முள் ஏறவே இல்லப்பா. குறிச்சி வெச்சிருக்கேன் பாருங்க" என்று அந்தத் தாளை நீட்டினான். மூன்று வளைவுக்கும் 'அடியில்' என்று எழுதியிருந்தது.

இவர் அந்தத் தாளைக் கையில் வாங்கவில்லை. "இஞ்சினே வெந்து போச்சு, முள் ஏறலியாம். ஆஸ்பத்திரில ஒக்காந்து இத்த எழுதிகினு வந்தியா? பன்னெண்டாவது பெயிலானத மூணு மாசம் மறைச்சவன்தானே நீ" என்றார்.

அசோக் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இவர் வீட்டுக்கு வந்த பிறகு நான்கு நாள் காத்திருந்தான். இவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் ஓசூருக்குத் திரும்பிவிட்டான்.

இப்போது நாங்கள் பஸ்ஸில் போகிறோம்.

சாமுண்டி

*

நெமிலிச்சேரி
18 மே 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மாப்பிள்ளையைப் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார வை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் சீட்டில் ஆட்டம் குறைவாக இருக்கும்.

மூன்று விஷயம் தெரிந்தால் நன்றாக இருக்கும். முதலாவது, அசோக் காலையில் தண்ணீர் ஊற்றியதை நீ கண்ணால் பார்த்தாயா? இரண்டாவது, வண்டி நின்ற பிறகு முள் எங்கே இருந்தது? மூன்றாவது, ரேடியேட்டரிலிருந்து வரும் மேல் குழாய் இன்ஜினில் சேருகிற இடத்தைத் திறந்தபோது மெக்கானிக் ஏதாவது சொன்னாரா?

அசோக் பொய் சொல்கிற பையன் இல்லை. அதை மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்.

வனஜா சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

ஜம்புலிங்கம்

*

ஏற்காடு
5 ஜூன் 2025

அண்ணனுக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில். அசோக் தண்ணீர் ஊற்றியதை நான் பார்த்தேன். வாசலில் கோலத்தை மிதித்துவிட்டான் என்று அவனைத் திட்டினேன், அதனால் நன்றாக நினைவிருக்கிறது. வண்டி நின்றபோது முள் அடியில்தான் கிடந்தது, அதையும் பார்த்தேன். இவரிடம் சொன்னால், "நீ பெத்தவ, அப்படித்தான் சொல்லுவ" என்கிறார்.

மூன்றாவது கேள்வி எனக்குப் புரியவில்லை. ஆனால் மெக்கானிக், "இங்க ஒரு பார்ட் இருக்கணும், இல்லையே, யாரு கழட்டினது?" என்று கேட்டார். அசோக் தெரியாது என்றான். இவர் அதையும் அவன் கணக்கில் எழுதிவிட்டார்.

போன திங்கட்கிழமை பஸ்ஸில் எட்டாவது வளைவிலேயே வாந்தி. பன்னிரண்டாவது வளைவில் இவரைச் சீட்டிலிருந்து நழுவாமல் பிடிக்க எனக்குப் பலம் போதவில்லை. கண்டக்டர் வந்து பிடித்துக்கொண்டார். வியாழக்கிழமை, "நான் வரல, போதும்" என்று படுத்துக்கொண்டார். ஒரு டயாலிசிஸ் தவறிவிட்டது. இன்னும் இரண்டு தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். வாடகைக் கார் பிடிக்கலாம் என்றால், "பெத்த புள்ள வண்டிலயே மழைல ஒக்காந்தேன், ஊரான் வண்டி எதுக்கு" என்கிறார். அசோக் போன் செய்தால் எடுப்பதில்லை.

அண்ணா, கார் தெர்மோஸ்டாட் செய்கிற கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர் நீங்கள். இன்ஜின் வெந்துபோயும் முள் ஏறாமல் இருக்குமா? அசோக் சொல்வது நடக்கக்கூடியதா? உங்கள் கையால் ஒரு வார்த்தை எழுதுங்கள். நான் இவருக்குப் படித்துக் காட்டுகிறேன். நீங்கள் சொன்னால் கேட்பார்.

சாமுண்டி

*

நெமிலிச்சேரி
29 ஜூன் 2025

அன்புத் தங்கை சாமுண்டீஸ்வரிக்கு,

நீ கேட்டது ஒரு வார்த்தை. அதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தை இதற்கு முன் நான்கு முறை எழுதி, நான்கிலும் ஏதோ ஒன்றை விட்டிருந்தேன்.

அசோக் சொல்வது உண்மை. அது எப்படி என்று எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு நிதானமாகப் படித்துக் காட்டு.

தெர்மோஸ்டாட் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னக் கதவு. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் அது உட்கார்ந்திருக்கும். அதன் வயிற்றில் மெழுகு இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் ஒரு குறுக்கு வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், அதனால் சீக்கிரம் சூடாகும். எண்பத்திரண்டு டிகிரி வந்ததும் மெழுகு உருகி, விரிந்து, கதவைத் தள்ளும். ரேடியேட்டர் வழி திறக்கும். அதே அசைவில் கதவின் அடித்தட்டு குறுக்கு வழியை அடைத்துவிடும். எல்லாத் தண்ணீரும் ரேடியேட்டரில் ஆறி வந்துதான் ஆக வேண்டும்.

போன வருஷம் மே மாதம் லோகேஷ் செய்த சின்ன வேலை இதுதான். அந்தக் கதவைக் கழற்றிவிட்டான். "நம்ம ஊரு வெயிலுக்கு இது இன்னாத்துக்கு சார்? வெள்ளக்காரன் அவன் ஊரு குளிருக்கு வெச்சது" என்றான். கடையில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள், ஆமாம் ஆமாம் என்றார்கள். இங்கே பல மெக்கானிக்குகள் அப்படித்தான் செய்கிறார்கள். நான், "இல்லப்பா..." என்று ஆரம்பித்தேன். அவன் ஏற்கெனவே போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தான். நான் நிறுத்திவிட்டேன்.

எனக்குத் தெரியும் சாமுண்டி. கதவை எடுத்துவிட்டால் இரண்டு வழியும் எப்போதும் திறந்திருக்கும் என்று தெரியும். ஆனால் அவன் ஆயிரம் இன்ஜின் பிரித்தவன். நான் கம்பெனியில் பார்த்ததெல்லாம் சோதனைக்காக வெந்நீர்த் தொட்டியில் தொங்கும் கதவுகளை மட்டும்தான். அவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். பிறகு முள் இறங்கியே இருந்தது. அவன் சொன்னதுதான் சரியோ என்று நானும் சந்தோஷமாக இருந்துவிட்டேன்.

சமதரையில் பாதித் தண்ணீர் ஆறினாலே போதும். குளிரில் முள் எழாததற்கும் பெட்ரோல் அதிகம் குடித்ததற்கும் காரணம் இதுவே. மலையில் சின்ன கியரில் மெதுவாக ஏறும்போது இன்ஜின் முழுச் சூட்டையும் கொட்டும், பாதித் தண்ணீரோ குறுக்கு வழியில் ஆறாமலே திரும்பும். தண்ணீர் கொதித்து வெளியேறும். முள்ளுக்குச் செய்தி சொல்லும் கருவி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் போனதும் அது வெறும் ஆவியில் நிற்கும், முள் கீழே விழுந்துவிடும். பத்தாவது வளைவுக்கும் பதினைந்தாவதுக்கும் நடுவில் சில நிமிஷம் முள் ஏறி இறங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. அசோக் குனிந்து பார்த்த இடங்களில் அது அடியில்தான் இருந்திருக்கும். மூன்று இடத்தில் மட்டும் பார்க்கச் சொன்னவனும் நான்.

லோகேஷ் கழற்றியதை என் கையில் கொடுத்திருந்தான். இந்த மூன்று வாரத்தில் ஒரு மத்தியானம் அதைப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, பழைய தெர்மாமீட்டரை வைத்து அடுப்பில் ஏற்றினேன். எண்பத்திரண்டில் திறந்தது. மூன்று முறை பார்த்தேன். அதில் எந்தக் கோளாறும் இல்லை. போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்களில் உப்பு அடைத்திருக்க வேண்டும், அதனால்தான் ஆவடியில் சூடு ஏறியிருக்கும். அதைப் பார்க்கச் சொல்லாமல் நல்ல பொருளைக் கழற்ற விட்டேன். அப்படிப்பட்ட வண்டியை மாப்பிள்ளைக்காகக் கொடுத்தேன். பிப்ரவரியில், மார்ச்சில், மே மாதத்தில், மூன்று கடிதத்திலும் இதைச் சொல்லாமல் விட்டேன். கேள்வி கேட்டால் போதும், நீங்களாகவே கண்டுபிடித்துவிடுவீர்கள், நான் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

வனஜாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்வேன். அசோக்குக்கும் இதன் நகலை அனுப்புகிறேன்.

ஜம்புலிங்கம்

*

ஏற்காடு
3 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு சாமுண்டீஸ்வரி எழுதுவது.

உங்கள் கடிதம் ஜூலை 3 வந்தது. படித்துவிட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். பத்து நாள் எடுக்கவில்லை. உங்களை நினைத்தாலே கோபம் வந்தது. அந்தப் பத்து நாளும் அசோக் தினமும் எனக்குப் போன் செய்து, "அப்பாகிட்ட படிச்சிட்டியாம்மா?" என்று கேட்டான். இல்லை என்று சொன்னேன். காரணம் சொல்லவில்லை.

பிறகு படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். மூன்று மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

"ஒங்க அண்ணன் நல்ல மனுசன். பையனக் காப்பாத்த தன் தலைல மண்ண வாரிப் போட்டுக்கறாரு. முப்பத்தொரு வருசம் அத்தையே டெஸ்ட் பண்ணிகினு இருந்தவரு, ஒர்த்தன் அத்தக் கழட்ட சொல்லோ சும்மா நின்னாராமா? நம்பற மாதிரியா கீது?"

எவ்வளவு சொல்லியும் அதே பேச்சு. மருமகனுக்காக மாமன் ஜோடித்த கதை என்று அசோக் மேல் இன்னும் கோபம்.

ஜூலையில் இரண்டு முறை தவறிவிட்டது. கால் வீங்கியிருக்கிறது. மூச்சு வாங்குகிறது.

சாமுண்டீஸ்வரி

*

நெமிலிச்சேரி
14 ஆகஸ்ட் 2025

மாப்பிள்ளை மதுரைவீரன் அவர்களுக்கு ஜம்புலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் உடம்பு இருக்கும் நிலையில் நீண்ட கடிதம் எழுதுவது சரியல்ல. இருந்தாலும் முழுவதும் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் நம்பவில்லை என்று சாமுண்டி எழுதியிருந்தாள். நியாயம்தான். நீங்கள் என்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் என்னைவிட உயர்ந்தது. சாட்சி வேண்டும் என்று தோன்றியது. திங்கட்கிழமை காலை லோகேஷ் கடைக்குப் போனேன். இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை வனஜா கூட வந்தாள். அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "உள்ள போங்க, அவர் உங்களக் கடிக்கமாட்டார்" என்றாள்.

வண்டியின் பெயரைச் சொன்னதும் லோகேஷுக்கு நினைவு வந்துவிட்டது. கழற்றியது அவன்தான் என்று மறைக்காமல் சொன்னான். ஏற்காட்டில் நடந்ததைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"மல ஏறப் போவுதுன்னு சொல்லவே இல்லியே சார். சரி, அத்த உடு. அந்தப் பார்ட்டு பத்தி இவ்ளோ புட்டுப் புட்டு வெக்கறியே, நீ எங்க சார் வேலை செஞ்ச?"

சொன்னேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அதே பொருளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில், முப்பத்தொரு வருஷம் என்று சொன்னேன்.

அவன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அவர்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"நான் எட்டாவது படிச்சவன் சார். எங்க மேஸ்திரி கழட்டுவாரு, நானும் கழட்டறேன். வாணாம்னு ஒர்த்தரும் எங்கிட்ட சொன்னதில்ல. நீ அத்தயே டெஸ்ட் பண்ணவரு. பக்கத்துல நின்னுகினு கீற. ஒரு வார்த்த, 'டேய் கைய எடுடா'ன்னு சொல்லியிருந்தா நான் எடுத்திருக்க மாட்டேனா? நீ ஏன் சார் சொல்லல?"

"பயமா இருந்துச்சு" என்றேன்.

"என்னிய பாத்தா?" என்றான். நம்ப முடியாமல் கேட்டான். "என்னிய பாத்தா பயம்?"

ஆமாம் என்றேன்.

மாப்பிள்ளை, நடந்தது இவ்வளவுதான். உரக்கப் பேசுகிறவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கே சந்தேகமாகிவிடும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அதற்காக இத்தனை நாள் வருந்தியதுண்டு, ஆனால் அது இன்னொருவரை மழையில் உட்கார வைக்கும் என்று நினைத்ததில்லை.

லோகேஷின் போன் எண்ணைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டால் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அசோக் தண்ணீர் ஊற்றினான். அசோக் முள்ளைப் பார்த்தான். பார்த்ததை எழுதினான். அவனைக் கூப்பிடுங்கள். என்னைப் பற்றி என்ன முடிவு செய்தாலும் சரி, அடுத்த டயாலிசிஸைத் தவறவிடாதீர்கள்.

ஜம்புலிங்கம்

*

ஏற்காடு
7 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு, அசோக் எழுதுவது.

அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஊசி குத்திக் குத்தி அவர் கையால் பேனா பிடிக்க முடியவில்லை. தன் பேச்சை மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும் என்று உத்தரவு. இனி அவர் சொல்வது.

மச்சான், ஒங்க கடுதாசி வந்துச்சி. சாமுண்டிய ரெண்டு தபா படிக்கச் சொன்னேன். மொதக் கடுதாசிய நான் நம்பல. ஓட்டல்ல ஆறிப்போன காப்பி குடுத்தாக்கூட வாயத் தொறக்காம குடிக்கிற ஆளு நீங்க. நல்ல மனசுல ஒரு பொய் எழுதறீங்கன்னு நெனச்சேன். ரெண்டாவது கடுதாசில அந்த மெக்கானிக்கு, "என்னிய பாத்தா பயம்?"னு கேட்டான் பாருங்க, அங்கதான் நம்பினேன். ஒரு மனுசன் தன்னப் பத்தி அந்த மாதிரி கற்பன பண்ணி எழுதமாட்டான். அவனுக்கு நான் போன் போடல. தேவப்படல.

பையனுக்குத்தான் போட்டேன். நாலு மாசம் கழிச்சி. மொத மணிலயே எடுத்துட்டான்.

இப்ப ரெண்டு வாரமா அவன்தான் ஓட்டறான். இஞ்சின் வேலை பாத்தாச்சி, அந்தக் கதவு புதுசா போட்டாச்சி. முள்ளு நடுவுல வந்து நிக்குது. நாலு டயாலிசிஸ் ஒண்ணும் தவறல. கால் வீக்கம் கொஞ்சம் கீது. டாக்டரு முன்ன மாதிரி ஆவாதுன்னு சொல்றாரு. தவறவுட்டது தவறவுட்டதுதானாம்.

ஒங்க மேல கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன். கீது. ஆனா வண்டி மலைல நின்னது ஒங்களால. வண்டிக்குள்ள ஒக்காருன்னு ரெண்டு பேரும் கெஞ்ச சொல்லோ ஒக்காராதது என்னால. இந்தப் பையன நான் பேசுன பேச்சும் என்துதான். அத்த நீங்க எடுத்துக்காதீங்க மச்சான். ஒரு வாட்டி வந்து போங்க. போன்ல பேசுனா ஒங்களுக்குக் கேக்காது, கடுதாசில திட்டுனா எனக்குப் பத்தாது.

அப்பா சொன்னது இதுவரை. சொல்லிவிட்டுக் களைத்துப் படுத்திருக்கிறார். அம்மா நலம். உங்களுக்கு எழுத இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்கிறாள். தவறாக நினைக்க வேண்டாம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் எப்போது என்று எழுதுங்கள், நான் வருகிறேன்.

நடுவில் அப்பா இன்னொன்றும் சொன்னார் மாமா. என்னைப் பற்றி. என்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உங்களுக்கு எழுதுகிற மாதிரி, சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் பேனாவைத் தாளில் வைத்தபடி இருந்தேன்.

"எழுதிட்டியாடா?" என்றார்.

"எழுதிட்டேம்ப்பா" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அதை எழுதவில்லை. ஏப்ரல் மாதத்திலிருந்து அவரிடம் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான்.

உங்கள் அன்பு மருமகன்,
அசோக்